58,82,353-இன் மீதிகள்

ஜூலை 6

இடக்கையால் எழுதுகிறேன். வரி ஏறி இறங்குகிறது. பெயர் அன்னபுஷ்பம். வயது ஐம்பத்தொன்று. மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை. இவ்வளவுக்கும் இருபது நிமிடம்.

ஜூலை 7

இடது கட்டைவிரல் நகக்கண்ணில் ஊதா மை. தேங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எதற்காவது ரேகை எடுத்திருப்பார்கள்.

ஜூலை 9

நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 19 காலை, பிளஸ் டூ வகுப்பில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன். அடுத்துத் தெரிந்தது ஆஸ்பத்திரி மின்விசிறி. மூளையில் இரத்தக்கட்டி என்றார்கள். வலக்கை விழுந்துவிட்டது. பேச்சு ஒரு வாரத்தில் மெல்லத் திரும்பியது, எண்களைத் தவிர. எண்களின் பெயர்கள் மட்டும் வாயில் இடம் மாறி வருகின்றன.

டாக்டர் கேட்டார்: "நூத்துல ஏழு போனா எவ்வளவும்மா?"

தொண்ணூற்று மூன்று. என் கண்ணுக்குள் அது அச்சடித்தமாதிரி நின்றது. வாய் "செவ்வாய்" என்றது. மறுபடி முயன்றேன். "நாப்பத்தாறு" என்றது.

என் வீட்டுக்காரர் ஜெயசிங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் தங்கையா ஆப்பிள் பையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். "பாவம், கணக்கு டீச்சர்" என்றார்.

பாவம் என்ற சொல்லின் கீழ் கோடு போடுகிறேன். கோடு கோணல்தான்.

ஜூலை 12

நேற்று எனக்கு நானே தேர்வு வைத்தேன். மனப்பாடமாகத் தெரிந்த எதுவும் கூடாது, பெரிய எண் வேண்டும், இடக்கைக்கு எழுதச் சுலபமாகவும் இருக்க வேண்டும். ஒன்று போட்டு, ஏழு பூஜ்யம் போட்டு, மறுபடி ஒன்று: 10,00,00,001. பத்துக் கோடியே ஒன்று. பகா எண்கள் ஒவ்வொன்றாக வகுத்தேன். மூன்றில் போகவில்லை. ஏழில் போகவில்லை. பதினொன்று, பதின்மூன்று, இல்லை. பதினேழில் மீதியே இல்லாமல் போயிற்று!

ஈவு 58,82,353. ஒரு காலை முழுவதும் பிடித்தது. திருப்பிப் பெருக்கிப் பார்த்தேன், சரி.

ஜெயசிங் கஞ்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னட்டி கிறுக்கிட்டு இருக்க? டாக்டர் தலைக்கு வேல குடுக்கக் கூடாதுன்னுல்லா சொன்னாரு."

நோட்டை மூடிவிட்டுக் கஞ்சி குடித்தேன்.

அவர் போனதும் எண்ணைச் சத்தமாகச் சொல்ல முயன்றேன். "ஐம்பத்தெட்டு லட்சத்து" வரவில்லை. "முப்பது ஞாயிறு" வந்தது. வாய் கிடக்கட்டும்.

பின்குறிப்பு: பத்துக் கோடியே ஒன்றில் பூஜ்யங்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன், ஏழு. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 15

58,82,353 பகா எண்ணா? ஏதாவது ஒரு காரணியில் உடையுமா? அதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்.

குருட்டாம்போக்கில் எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை. எம்.எஸ்ஸி. படிக்கும்போது கற்ற ஒரு தேற்றம்: பத்துக் கோடியே ஒன்றை எந்தப் பகா எண் வகுத்தாலும், அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் பதினாறால் வகுபட வேண்டும். 17, 33, 49, 65 என்று பதினாறு பதினாறாகத் தாவினால் போதும். தேற்றம் ஞாபகம் இருப்பது பெரிதல்ல. அதன் நிரூபணத்தை இன்று ஒன்பது வரியில் எழுதினேன், எங்கும் பார்க்காமல்.

2425-க்கு மேல் போகத் தேவையில்லை. 2426-இன் வர்க்கமே என் எண்ணைத் தாண்டிவிடுகிறது. அதுவரை 151 தாவல். அவற்றில் பகா எண்கள் நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு வகுத்தல். ஒன்றில் மீதி பூஜ்யம் வந்தாலும் என் எண் உடைந்தது. வராவிட்டால் அது பகா எண்.

17: மீதி 13.

ஜூலை 21

97: மீதி 79. 113: மீதி 25. 193: மீதி 99.

பேச்சுப் பயிற்சிக்கு நஸ்ரின் வருகிறாள். கெட்டிக்காரி, முப்பது வயது இருக்கும். படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். சாவி, குடை, கத்தரிக்காய் எல்லாம் சொன்னேன். 5 என்ற அட்டைக்குக் "குடை" என்றேன்.

நோட்டை அவளிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"மேடம், இது நீங்க போட்டதா?"

"நான்தான்."

"அப்ப கணக்கு எங்கயும் போவல. கதவுதான் அடச்சிருக்கு. இத உங்க வீட்டுல யாருக்காவது காட்டுனீங்களா?"

கொத்தவரங்காய் ஆய வேண்டும் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஒரு கையால் ஆய்ந்தேன். கால் கிலோவுக்கு ஒரு மணி நேரம்.

ஜூலை 28

241: மீதி 25. 257: மீதி 137. 337: மீதி 18.

கொழுந்தன் மகள் ஷீலா என் வகுப்புகளைத் தற்காலிகமாக எடுக்கிறாள் என்று ஜெயசிங் சொன்னார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஷீலா பாதி நாள் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். பி.எட். முடித்து மூன்று வருடமாக வேலையில்லாமல் இருந்தாள். நல்லதுதானே என்றேன். "நான் திரும்பி வாரதுவரைக்கும்" என்றேன்.

அவர் மோட்டார் போட மறந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனார். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 2

353: மீதி 314. 401: மீதி 84. 433: மீதி 48.

449: மீதி 0.

உடைந்துவிட்டது. பதினோராவது வகுத்தலிலேயே.

தலைவலி. துணி மடிக்கவில்லை. நஸ்ரினை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

காரணி கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? கேள்விக்கு விடை வந்துவிட்டதே. ஏன் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

காலையில் எழுந்ததும் திருப்பிப் பெருக்கினேன். 449-ஐ 13,101-ஆல் பெருக்கினால் 58,82,349 வருகிறது. என் எண் 58,82,353. நாலு குறைகிறது.

வரிவரியாகப் பின்னால் போனேன். கடைசிப் படியில் 453 எழுத வேண்டிய இடத்தில் கை 449 என்று எழுதியிருந்தது. வகுக்கும் எண்ணைப் பத்துத் தடவை எழுதிய கை, பதினோராம் தடவையும் அதையே எழுதிவிட்டது. மீதி பூஜ்யம் இல்லை, 4.

பக்கத்தைக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. தப்பைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட்டேன். இனி ஒவ்வொரு வகுத்தலையும் திருப்பிப் பெருக்கித்தான் மீதி எழுதுவது. வேலை இரண்டு மடங்கு. இருக்கட்டும்.

என் எண் இன்னும் உடையவில்லை.

ஆகஸ்ட் 9

577, 593, 641 முடிந்தன. மீதி 415, 386, 537.

இன்று நடந்ததை யாரிடம் சொல்ல? எண்ணைக் காற்புள்ளி இல்லாமல் வரியின் ஓரத்தில் எழுதினேன். 588 வரைதான் இடம் இருந்தது. 2353 அடுத்த வரிக்குப் போயிற்று. இரண்டும் தனித்தனி எண்கள் மாதிரி நின்றன. கைப்பழக்கத்துக்காக இரண்டுக்கும் வர்க்கம் போட்டேன்.

588-இன் வர்க்கம் 3,45,744.
2353-இன் வர்க்கம் 55,36,609.
கூட்டினால் 58,82,353.

மூன்று தடவை கூட்டினேன். தன்னை இரண்டாக வெட்டினால், வெட்டிய துண்டுகளின் வர்க்கங்கள் சேர்ந்து மறுபடி தானாகவே ஆகிவிடுகிற எண்! யாராவது எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். அதனால் என்ன? எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தலைக்கு வேலை கொடுக்கக் கூடாதென்று சொல்லப்பட்ட ஒருத்தி, இடக்கையால், ஈரத்துணி காயப்போடுகிற நேரத்துக்கு நடுவில் கண்டுபிடித்தாள்.

ஜெயசிங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார். நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கண் அதில் இல்லை.

ஆகஸ்ட் 14

ஷீலா வந்தாள். பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க உதவி வேண்டுமாம். நுங்கு வாங்கி வந்திருந்தாள். எழுதிக் காட்டி எழுதிக் காட்டி இரண்டு பேரும் முக்கால்வாசி முடித்தோம்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, நீங்க பெரிய மனசு பண்ணி எழுதிக் குடுக்கலன்னா எனக்கு இந்த வேல கெடச்சிருக்காது. அடுத்த மாசம் நிரந்தரமாக்குறதுக்குப் பேப்பர் அனுப்புதாங்களாம்."

"என்ன எழுதிக் குடுத்தேன்?"

"ராஜினாமா லெட்டர்தான், பெரியம்மா. ஜூன் இருவத்தி மூணு தேதி போட்டு. கைநாட்டு வச்சு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

ஜூன் 23. எனக்குப் பேச்சே திரும்பாத நாள்.

ஆகஸ்ட் 15

கணக்குப் போடவில்லை.

ஆகஸ்ட் 17

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

"ஏங்க, இந்த மை எதுக்கு?"

நகக்கண்ணில் மையே இப்போது இல்லை. ஆனால் என்ன மை என்று அவர் கேட்கவில்லை.

"புஷ்பம், டாக்டரு கைய விரிச்சிட்டாரு, இனி பள்ளிக்கூடம் நெனச்சே பாக்க முடியாதுன்னு. தங்கையா வந்தாரு. இப்பவே எழுதிக் குடுத்தா எடத்த நம்ம ஷீலாவுக்கே போட்டுத் தாறேன்னாரு. எவனோ ஒருத்தன் வாரதுக்கு நம்ம பிள்ள வந்தா என்னன்னு நெனச்சேன்."

"அப்போ நான் என்ன செஞ்சிட்டு இருந்தேன்?"

"தூங்கிட்டு இருந்த."

"முழிச்ச பெறவு கேட்டிருக்கலாம்லா?"

"நூத்துல ஏழு போனா செவ்வாக்கிழமைன்னு சொல்லுதவகிட்ட என்னத்தக் கேக்க?"

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஒம்பது" என்றது வாய், "எழுவது" என்றது. நோட்டுத் தாளில் 27 என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையைத் துடைத்துவிட்டு 673-ஐ எடுத்தேன். மீதி 333.

ஆகஸ்ட் 20

இரண்டு கடிதங்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று கல்வி அலுவலகத்துக்கு. நாலு வரிதான்: "ஜூன் 23-ஆம் தேதிக் கடிதத்தில் இருப்பது என் கைநாட்டு. என் சம்மதம் அல்ல. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். என்னால் பாடம் நடத்த முடியுமா என்பதை மருத்துவக் குழு சொல்லட்டும்." கீழே இடக்கையால் கையெழுத்துப் போட்டேன். பழைய கையெழுத்து மாதிரி இல்லை. இதுதான் இனி என் கையெழுத்து.

தபாலாபீசுக்கு நானே நடந்து போனேன். போய்வர ஒன்றேகால் மணி நேரம்.

நாலு நாளாக அவர் போட்ட காபியைக் குடிக்கவில்லை. கடையில் பால் வாங்கி நானே கொதிக்கவைக்கிறேன். இரண்டு தடவை பொங்கி வழிந்தது. மூன்றாம் தடவை வழியவில்லை.

ஆகஸ்ட் 27

தங்கையா வீட்டுக்கே வந்தார். கூடத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். மெடிக்கல் போர்டுல நாலு டாக்டர் முன்னாடி போய் அவமானப்படணுமா? பிள்ளைங்க முன்னால தப்புத் தப்பா நம்பர் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்."

"சிரிப்ப விடுங்க. தப்பே பண்ண மாட்டேன்னு ஒங்களால சொல்ல முடியுமா?"

"பண்ணுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். "பண்ணுனா நானே பிடிப்பேன். நீங்க பண்ணுன தப்ப நீங்க பிடிச்சீங்களா சார்?"

காபியை முழுதாகக் குடிக்காமல் எழுந்தார். வாசலில் ஜெயசிங்கைப் பார்த்து, "சொல்லி வைங்க" என்றார்.

ஜெயசிங் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

769: மீதி 272.

செப்டம்பர் 3

ஷீலா வந்தாள், வாசலிலேயே நின்றாள். "பெரியம்மா, வேலை வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல. எனக்கு வேல வேணும். ஆனா இப்படி வேண்டாம். வேற பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

உள்ளே கூப்பிட்டேன். தோசை சுட்டுத் தந்தாள். முதல் தோசை கருகிவிட்டது. அதை நான் தின்றேன்.

செப்டம்பர் 6

காலையில் மேசைமேல் ஒரு தாள். ஜெயசிங் எழுதியது. "என் மனைவி மயக்கத்தில் இருந்தபோது அவளைக் கேட்காமல் நான்தான் அவள் விரலைப் பிடித்து வைத்தேன்" என்று தொடங்குகிறது. கல்வி அலுவலருக்கு முகவரி இட்டிருக்கிறார். கையெழுத்தும் இருக்கிறது. தம்பி வீட்டோடு இதனால் எத்தனை நாள் பேச்சுவார்த்தை நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. திருத்தவில்லை.

அவர் போட்டுவைத்த காபி ஆறியிருந்தது. குடித்தேன்.

செப்டம்பர் 13

நாற்பதாவது: 2273. மீதி 2102.

நாற்பத்தொன்றாவது, கடைசி: 2417. ஈவு 2433. திருப்பிப் பெருக்கினேன். 58,80,561. மீதி 1792.

58,82,353 ஒரு பகா எண்.

அறுபத்தொரு நாள். இதில் யாருடைய கருணையும் இல்லை. நாற்பத்தொன்றில் ஒன்று மீதியில்லாமல் போயிருந்தாலும் என் எண் உடைந்திருக்கும்தான். போகவில்லை.

வாசலில் மீன்காரம்மாள் கூப்பிட்டாள். அரை கிலோ சாளை வாங்கினேன்.

செப்டம்பர் 18

மருத்துவக் குழு. மூன்று டாக்டர்கள், நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள். நடுவில் வெள்ளை முடி வைத்த ஒரு பெண் டாக்டர்.

முதல் கேள்வி அதேதான். "நூத்துல ஏழு போனா?"

வாயைத் திறக்கவில்லை. "பேப்பர் தாங்க" என்றேன்.

"வாயால சொல்லணும், அதுதான் டெஸ்ட்" என்றார் ஓரத்தில் இருந்தவர்.

"என் வாய்க்கு அடிபட்டிருக்கு. அத நீங்க ஏற்கெனவே எழுதியிருக்கீங்க. கணக்குக்கு அடிபட்டிருக்கான்னுதானே பாக்கணும்? பேப்பர் தாங்க."

அந்தப் பெண் டாக்டர் தன் பேடைத் தள்ளினார். 93, 86, 79, 72, 65 என்று 2 வரை இறக்கி எழுதினேன். பிறகு என் நோட்டை அவர்முன் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். குறுக்கே அடித்திருந்த பக்கத்தில் கை நின்றது.

"இது என்ன?"

"தப்பு."

"யார் கண்டுபிடிச்சது?"

"நான்."

"எப்படி?"

எழுதிக் காட்டினேன். அவர் செல்போனை எடுத்து 449-ஐ 13,101-ஆல் பெருக்கிப் பார்த்தார். பிறகு அவராக ஒரு கணக்குக் கொடுத்தார்: 7,31,642-ஐ 583-ஆல் வகுக்க. என் பேனாவின் சத்தம் எனக்கே கேட்டது. ஈவு 1254, மீதி 560. திருப்பிப் பெருக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

செல்போனைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்.

"கிளாஸ்ல எப்படிச் சமாளிப்பீங்க?" என்றார்.

"போர்டுல எழுதுவேன். வாயும் போர்டும் வேற வேற சொன்னா போர்ட நம்புங்கன்னு பிள்ளைங்ககிட்ட மொத நாளே சொல்லிருவேன்."

செப்டம்பர் 29

உத்தரவு வந்தது. ராஜினாமா செல்லாது. பணிக்குத் தகுதி உண்டு, ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. தங்கையா தொலைபேசியில், பிளஸ் டூ கிடையாது, ஆறாம் வகுப்பு மட்டும்தான் என்றார். எழுத்தில் தரச் சொன்னேன். எழுத்தில் வந்ததும் மறுப்பும் எழுத்தில் போகும். அதுவரை ஆறாம் வகுப்புக்கும் கணக்கு வேண்டும்தானே.

ஷீலாவுக்குச் சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளியில் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 6

முதல் நாள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். கரும்பலகையில் இடக்கையால் எழுதினேன். 12 என்று எழுதிவிட்டு "முப்பது" என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று நின்றேன். பிறகு, "எது சரி?" என்று கேட்டேன். "போர்டு, டீச்சர்" என்று இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். பாடம் நடந்தது.

சாயங்காலம் கூட்டிப்போக வரட்டுமா என்று ஜெயசிங் கேட்டிருந்தார். வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா போணும்?"

எங்கள் நிறுத்தம் மூன்றாவது மைல். பெயரிலேயே எண். நான் அதை யோசிக்கவேயில்லை.

"ஏழா..." என்றேன். இல்லை. "அஞ்சா..." இல்லை.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னால ஆளு நிக்குல்லா."

பையில் நோட்டும் பேனாவும் இருந்தன. எடுக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரி குனிந்து, "மூணாவது மைலாக்கா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்துவிடும். தலையாட்டவில்லை. கண்டக்டரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன், பொறுங்கள் என்று. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நிறுத்தத்தில் ஏறியவர்கள் படியிலேயே நின்றார்கள். கண்ணை மூடி அந்தச் சொல்லைத் தேடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வண்டி புறப்படவில்லை.

"மூணாவது மைல்" என்றேன்.

கண்டக்டர் விசில் ஊதினார்.